காவிரி டெல்டாவுக்கு ஏற்ற கணினிக் கேபினட்: ஓர் ஆய்வு

கணினியின் பாகங்களைத் தனித்தனியே வாங்கித் தாமே பொருத்திக்கொள்பவர்களும், கடைக்காரரிடம் பாகங்களைக் குறிப்பிட்டுச் சொல்லி அசெம்பிள் செய்து வாங்குபவர்களும், செயலி, மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு ஆகியவற்றைப் பல நாள் ஒப்பிட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டு, அவற்றையெல்லாம் தாங்கும் கேபினட்டைக் கையில் மிஞ்சிய பணத்துக்குத் தக்கபடி வாங்குவதே நடைமுறையாக இருந்துவருகிறது. செயலியும் கிராபிக்ஸ் கார்டும் நான்கைந்து ஆண்டுகளில் பின்தங்கிப்போக, அளவுத்தரம் மாறாத காரணத்தால் கேபினட் மட்டும் இரண்டு மூன்று தலைமுறைப் பாகங்களுக்கு இடம் கொடுத்து நீடிக்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால், இந்த முன்னுரிமை தலைகீழானது என்றே கொள்ள வேண்டும். ஆயினும் நல்ல கேபினட் எது என்ற கேள்விக்கு எல்லா ஊர்களுக்கும் பொதுவான விடை கிடையாது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களை உள்ளடக்கிய காவிரி டெல்டாவின் வெப்பம், ஈரம், நெல் தூசி, வீட்டுச் சிற்றுயிர்கள், மின் இணைப்பின் நிலை ஆகியவற்றை முன்வைத்து அக்கேள்வியை இக்கட்டுரை ஆராய்கிறது.

மேசைக் கணினியின் காலம் முடிந்துவிட்டது என்ற பொதுக்கருத்து இப்பகுதிக்கு முழுதும் பொருந்துவதில்லை. தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் மாணவர் வீடுகளில் மடிக்கணினியைப் பரவலாக்கியது உண்மையே. எனினும் அழைப்பிதழும் நோட்டீசும் வடிவமைக்கும் டி.டி.பி. மையங்கள், இ-சேவை மையங்கள், அரிசி ஆலைகளின் கணக்கு அறைகள், எடைமேடைக் கூண்டுகள், விளையாட்டுக்காகவும் படிப்புக்காகவும் வலுவான கணினி தேடும் கல்லூரி மாணவர்கள் என மேசைக் கணினியை நம்பியிருப்போர் இன்னும் பலர். தஞ்சாவூரில் 2024 செப்டம்பரில் நியோ டைடல் பூங்கா திறக்கப்பட்ட பின் இத்தேவை கூடுமேயன்றிக் குறைய வழியில்லை. இவர்களுள் கேபினட்டை மிகக் கடுமையாகச் சோதிப்பவை திருமண வீடியோக்களைத் தொகுக்கும் ஸ்டுடியோக்கள்தாம். வைகாசி முகூர்த்தங்கள் வரிசையாக வரும் நாட்களில், செயலியும் கிராபிக்ஸ் கார்டும் முழு வேகத்தில் மணிக்கணக்காக இயங்கும் ரெண்டரிங் வேலை, ஆண்டின் மிக வெப்பமான வாரங்களில் நடைபெறுகிறது.

இன்றைய கேபினட்டின் அடிப்படை வடிவம் 1995-இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். என்னும் அளவுத்தரத்திலிருந்து வந்தது. அதற்கு முன்பு, ஐ.பி.எம். 1984-இல் கொண்டுவந்த ஏ.டி. வகைக் கணினியின் வழிவந்த பெட்டிகளில், முன்பக்கப் பொத்தானுக்கே நேரடி மின்சாரம் கம்பி வழியாகக் கொண்டுவரப்பட்டது, ஏ.டி.எக்ஸ். முறையில் அப்பொத்தான் மதர்போர்டுக்குச் சமிக்ஞை தரும் குறைந்த மின்னழுத்தச் சுவிட்சாக மாறியதால், பெட்டியைத் திறந்து வேலை செய்பவருக்கு இருந்த அபாயங்களுள் ஒன்று நீங்கியது. 305 மி.மீ. நீளமும் 244 மி.மீ. அகலமும் கொண்ட ஏ.டி.எக்ஸ். மதர்போர்டு, அதனையே 244 மி.மீ. சதுரமாகச் சுருக்கிய மைக்ரோ ஏ.டி.எக்ஸ்., 2001-இல் வியா நிறுவனம் அறிமுகப்படுத்திய 170 மி.மீ. சதுர மினி ஐ.டி.எக்ஸ். ஆகிய மூன்றும் ஒரே திருகுத்துளை வரிசையைப் பகிர்ந்துகொள்வதால், பெரிய கேபினட் ஒன்றில் சிறிய மதர்போர்டையும் பொருத்திக்கொள்ள முடிகிறது. காற்றோட்டத்தை முன்னிறுத்தி இன்டெல்லே 2004-ஐ ஒட்டிக் கொண்டுவந்த பி.டி.எக்ஸ். என்னும் மாற்று வடிவம் ஓரிரு ஆண்டுகளில் கைவிடப்பட்டது. அதன் நோக்கம் சரியானதே. ஆனால் செயலிகள் அப்போது குளிர்ச்சியாகிவிட்டதால், பழைய பெட்டிகளைத் தூக்கியெறிய எவரும் முன்வரவில்லை.

வெப்பத்தைப் பொறுத்தவரை முதலில் நினைவில் கொள்ள வேண்டியது, காற்றால் குளிர்விக்கப்படும் எந்தக் கணினியும் அறையின் வெப்பநிலைக்குக் கீழே செல்ல முடியாது என்பதாகும். ஐரோப்பிய, அமெரிக்க ஆய்வாளர்கள் கேபினட்டுகளை ஏறத்தாழ 20 முதல் 22 டிகிரி செல்சியஸ் அறைகளில் வைத்துச் சோதிக்கின்றனர், தஞ்சாவூரில் ஏ.சி. இல்லாத மாடி அறை ஒன்று மே மாதப் பிற்பகலில் 36 அல்லது 38 டிகிரியில் இருக்கும். அங்கே 70 டிகிரியில் இயங்கிய அதே பாகம் இங்கே 85 டிகிரியை நெருங்கும். இக்காலச் செயலிகள் பெரும்பாலும் 95 முதல் 100 டிகிரி வரம்பில் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்வதால், கணினி உடனே பழுதாவதில்லை. விலை கொடுத்து வாங்கிய வேகம் மட்டும் கிடைக்காமல் போகிறது. ஆனால் மின்வழங்கியான எஸ்.எம்.பி.எஸ்.-இல் உள்ள மின்பகு மின்தேக்கிகளின் ஆயுள், வெப்பநிலை 10 டிகிரி கூடும்போது ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது மின்னணுவியலில் நெடுநாளாகப் பின்பற்றப்படும் விதி. மறைவில் நடக்கும் இந்த இழப்பே பெரியது.

எவ்வளவு காற்று தேவை என்பதை எளிய கணக்கால் அறியலாம். 300 வாட் வெப்பத்தை வெளியிடும் கணினியில், உள்ளே நுழையும் காற்றைவிட வெளியேறும் காற்று 10 டிகிரிக்கு மேல் சூடாகாமல் இருக்க, நொடிக்கு ஏறத்தாழ 26 லிட்டர் காற்று ஊடாகச் செல்ல வேண்டும். உயர்வை 5 டிகிரிக்குள் அடக்க விரும்பினால் இரு மடங்கு வேண்டும். தடையேதுமின்றிச் சுழலும் 120 மி.மீ. ஃபேன் ஒன்று நொடிக்கு 20 முதல் 30 லிட்டர் வரை தள்ளும் என்றாலும், வலையும் கம்பிகளும் குறுக்கிடும்போது அது வெகுவாகக் குறைந்துவிடுவதால், முன்பக்கம் இரண்டும் பின்பக்கம் ஒன்றுமாக மூன்று ஃபேன்களைக் குறைந்தபட்சம் என்று கொள்வது பொருத்தமாகும். 2000-களின் முற்பகுதியில் இன்டெல் வெளியிட்ட கேபினட் வழிகாட்டி, அறை 35 டிகிரியில் இருக்கும்போது செயலியின் ஃபேனுக்கு வரும் காற்று 38 டிகிரியைத் தாண்டக்கூடாது என்று வகுத்தது. பக்கக் கதவில் துளையிட்டு, செயலிக்கு நேரே ஒரு பிளாஸ்டிக் குழலை வைத்த எளிய பெட்டிகள் அந்த அளவுகோலை நோக்கிச் செய்யப்பட்டவையே. வெப்பநாட்டு அறையைக் கணக்கில் எடுத்துக்கொண்ட அந்த அளவுகோல் பின்னர் விளம்பரங்களிலிருந்து மறைந்துபோனதும், 2016-ஐ ஒட்டிய ஆண்டுகளில் முன்பக்கத்தையே கண்ணாடியால் மூடும் பாணி வந்ததும் கேபினட் வரலாற்றில் ஒரு பின்னடைவு என்றே சொல்ல வேண்டும். ஸ்வீடனின் ஃபிராக்டல் டிசைன் 2017-இல் கொண்டுவந்த மெஷிஃபை போன்ற வலைமுகப் பெட்டிகளுக்குப் பின்னரே சந்தை மெல்லத் திரும்பியது.

வலைமுகம் காற்றை உள்ளே விடும். கூடவே தூசியையும் விடும். டெல்டாவில் கேபினட் வடிவமைப்பின் மையச் சிக்கல் இதுவே. நகரத் தூசி துணி நூலும் தோல் துகளும் மண்ணும் கலந்தது. டெல்டாவின் தூசிக்கோ பயிர்க்காலத்தையொட்டிய ஓர் ஒழுங்கு உண்டு. மரபாக ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறக்கப்பட்டு நடவாகும் குறுவை செப்டம்பர், அக்டோபரிலும், சம்பாவும் தாளடியும் தை, மாசியிலும் அறுவடையாகும்போது, அறுவடை இயந்திரங்கள் கிளப்பும் வைக்கோல் துகளும், சாலையோரங்களிலும் கொள்முதல் நிலையங்களிலும் நெல்லைக் காயவைத்துத் தூற்றும்போது எழும் சுணையும் ஊர் முழுவதும் பரவுகின்றன. இதற்கு மேல் ஆண்டு முழுவதும் இயங்கும் அரிசி ஆலைகளின் பங்கு இருக்கிறது. நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. புழுங்கல் அரிசிக்காக நெல்லை அவிக்கும் பாய்லர்களில் அவ்வுமியே எரிபொருள். எரிந்த சாம்பலின் பெரும்பகுதி சிலிக்கா, அதாவது கண்ணாடியின் மூலப்பொருள். ஆலைகளுக்கு அருகே குடியிருப்போர் மொட்டைமாடியில் உலர்த்திய துணியில் காணும் கருந்துகள் இதுதான். வைக்கோல் சுணை ஹீட்சிங்க்கின் இதழ்களுக்கிடையே கம்பளம்போல் படிந்து காற்றை அடைக்கிறது. சாம்பல் துகளோ ஃபேனின் அச்சுக்குள் புகுந்து அதைத் தேய்க்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புளோயர் வைத்து ஊதினால் போதும் என்ற பொது அறிவுரை, ஆலைச் சாலையில் உள்ள கணினி மையத்துக்குப் போதாது.

தூசியைத் தடுக்க இரண்டு வழிகள் இணைந்து செயல்பட வேண்டும். முதலாவது, உள்ளே தள்ளப்படும் காற்று வெளியே இழுக்கப்படும் காற்றைவிடச் சற்று மிகுதியாக இருக்குமாறு ஃபேன்களை அமைப்பது. நேர் அழுத்தம் எனப்படும் இந்நிலையில் பெட்டியின் இடுக்குகள் வழியாகக் காற்று வெளியே கசியுமே தவிர உள்ளே நுழையாது. தைவானின் சில்வர்ஸ்டோன் நிறுவனம் இக்கருத்தைத் தன் பெட்டிகளின் அடையாளமாகவே ஆக்கிக்கொண்டது. இரண்டாவது, காற்று நுழையும் ஒவ்வொரு வாயிலும் வடிகட்டி வைப்பது. மலிவான கேபினட்டுகளில் வடிகட்டி இல்லாதபோது, வாங்கியவர்கள் ஜன்னலுக்கு அடிக்கும் கொசுவலையை வெட்டி ஒட்டிக்கொள்கின்றனர். அது வைக்கோல் சுணையைத் தடுக்கும், சாம்பலைத் தடுக்காது. மென்மையான நைலான் வலை இரண்டையும் ஓரளவு தடுக்கும் என்றாலும் காற்றுக்குத் தடையாகிறது. வலையின் பரப்பை இரு மடங்காக்கினால் அதனூடே செல்லும் காற்றின் வேகம் பாதியாகித் தடையும் குறையும் என்பதால், ஃபேன் அளவுக்கு மட்டும் வலை வைக்காமல் முன்முகம் முழுவதையும் வலையாக்குவதே சரியான வடிவமைப்பு.

வடிகட்டி இருப்பதைவிட அதைக் கழற்றுவது எளிதா என்பதே முக்கியம். பல பெட்டிகளில் எஸ்.எம்.பி.எஸ்.-இன் அடியிலுள்ள வலையைப் பின்பக்கமாகத்தான் உருவ முடியும். அதற்குக் கணினியின் எல்லாக் கம்பிகளையும் பிடுங்கி, மேசைக்கு அடியிலிருந்து இழுத்துத் திருப்ப வேண்டும். அப்படி ஒரு வேலையை வாரந்தோறும் செய்யும் மனிதர் எங்கும் இல்லை. முன்பக்கமாக உருவி, குழாய்த் தண்ணீரில் கழுவி, ஒரு மணி நேரத்தில் உலர்த்தி மீண்டும் செருகக்கூடிய வலையும், அவ்வலை கிழிந்தால் தனியே வாங்குவதற்கான வசதியும் இல்லாத கேபினட்டை இப்பகுதியில் தூசித்தடுப்பு உள்ளதாக விற்பது பெயரளவில் மட்டுமே உண்மையாகும்.

ஈரம் தூசியைப்போல் கண்ணில் படுவதில்லை. இதில் பலரும் அறியாத ஒன்று, இயங்கும் கணினியைவிட அணைத்து வைத்த கணினியே ஈரத்தால் அதிகம் கெடுகிறது என்பது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெளிக்காற்று 30 டிகிரியிலும் 85 சதவீத ஈரப்பதத்திலும் இருக்கும்போது, இயங்கும் கேபினட்டுக்குள் அதே காற்று 38 டிகிரிக்குச் சூடாவதால் அதன் ஈரப்பதம் 55 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. அணைத்து வைத்த பெட்டிக்குள் அது இறங்குவதில்லை. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யத்தை ஒட்டிக் கரை கடந்த கஜா புயலுக்குப் பின் பல கிராமங்கள் வாரக்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்ததுபோன்ற காலங்களில், மழையில் நனையாத கணினிகளும் இக்காரணத்தால் துருவுக்கு ஆளாகும். கடற்கரைக்கு நெருங்கிய ஊர்களில் உப்பு இதை மேலும் கடுமையாக்குகிறது. ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டியதும் உப்புத்துகள் காற்றின் நீரை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். நாகப்பட்டினத்திலும், உப்பளங்கள் சூழ்ந்த வேதாரண்யத்திலும் அந்த அளவு மழைக்காலத்துக்கு மட்டும் உரியதன்று. ஏ.சி. அறைக்கோ வேறொரு தொல்லை உண்டு. 24 டிகிரியில் குளிர்ந்திருந்த கணினி அணைந்து, திறந்த கதவு வழியாக 32 டிகிரியும் 70 சதவீத ஈரப்பதமும் கொண்ட காற்று புகுந்தால், அக்காற்றின் பனிநிலை 26 டிகிரிக்கு அருகில் என்பதால், உலோகப் பரப்புகளில் நீர் வியர்க்கும்.

கேபினட்டுகள் பெரும்பாலும் துத்தநாகம் பூசிய மெல்லிய எஃகுத் தகட்டால் செய்யப்படுகின்றன. தகட்டை வெட்டிய விளிம்பிலும் திருகுத்துளையின் மரையிலும் அப்பூச்சு இராது; துரு அங்கிருந்தே தொடங்கும். எனவே உள்ளும் புறமும் பவுடர் கோட்டிங் செய்த, அரை மி.மீ.க்குக் குறையாத தகடு இங்கே ஆடம்பரம் அன்று. பெட்டியின் கால்களும் கவனிக்கத்தக்கவை. வெள்ளிக்கிழமை தோறும் தண்ணீர் ஊற்றித் தரையைக் கழுவும் வீடுகளில், ஒன்றரை சென்டிமீட்டர் கால்களின்மேல் நின்று அடியிலிருந்து காற்றை உறிஞ்சும் எஸ்.எம்.பி.எஸ். எதை உறிஞ்சும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. குறைந்தது ஐந்து சென்டிமீட்டர் உயரக் கால்கள், அல்லது எஸ்.எம்.பி.எஸ்.-ஐ மேற்புறம் வைக்கும் பழைய அமைப்பு, இவ்விரண்டில் ஒன்றைத் தயாரிப்பாளர் தர வேண்டும்.

எறும்பு, பல்லி, சுண்டெலி ஆகியவற்றைக் கேபினட் மதிப்பாய்வுகள் எதுவும் பேசுவதில்லை. வெதுவெதுப்பான, இருண்ட, ஆளரவமற்ற பெட்டி அவற்றுக்கு உகந்த குடியிருப்பு. இரவில் திரையின் வெளிச்சத்துக்கு வரும் பூச்சிகளைத் தேடிப் பல்லி வரும், வயல் அறுவடையானதும் எலி வீட்டை நாடும். நெல்லைச் சேமித்த பத்தாயத்தைத் தரையிலிருந்து உயர்த்திக் கால்களின்மேல் நிறுத்தி, நெல் எடுக்கும் வாயைச் சிறிதாக்கி மூடியிட்டு வைத்த தஞ்சைத் தச்சர்கள், எலிக்கு எதிரான வடிவமைப்பைக் கணினித் தயாரிப்பாளரைவிட நன்கு அறிந்திருந்தனர். மின்சாதனப் பெட்டிகளின் மறைப்புத் திறனை அளவிடும் ஐ.பி. குறியீட்டு முறையில், முதல் இலக்கம் 2 என்றால் 12.5 மி.மீ., 3 என்றால் 2.5 மி.மீ., 4 என்றால் 1 மி.மீ. பருமனுள்ள பொருள் நுழையாது என்று பொருள். சுண்டெலியையும் பல்லியையும் தடுக்க 3 போதும், எறும்புக்கு 4-உம் உறுதியன்று. ஆனால் விலை குறைந்த கேபினட்டுகளில் கார்டு பொருத்தும் ஸ்லாட்டுகளின் மூடிகள் தகட்டோடு ஒட்டியே வெட்டப்பட்டிருக்கும். ஒருமுறை உடைத்து எடுத்துவிட்டால் மீண்டும் பொருத்த முடியாது. கிராபிக்ஸ் கார்டை மாற்றும்போதோ விற்கும்போதோ ஒரு சென்டிமீட்டருக்கு மேல் அகலமும் ஏறத்தாழப் பத்து சென்டிமீட்டர் உயரமும் கொண்ட வாய் நிரந்தரமாகத் திறந்துகிடக்கும். திருகால் பொருத்திக் கழற்றும் மூடிகளின் கூடுதல் செலவு மிகச் சொற்பம். அதைச் சேமிப்பதற்காக ஓர் எலி கடிக்கும் கம்பிகளின் விலையை வாங்குபவர் தலையில் கட்டுவது நேர்மையான சிக்கனம் ஆகாது.

மின்பாதுகாப்பில் வண்ணப்பூச்சும் எர்த்தும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. எஸ்.எம்.பி.எஸ்.-இன் நுழைவாயிலில் மின்னிரைச்சலை வடிகட்டும் சிறு மின்தேக்கிகள் உலோக உறையோடு இணைக்கப்பட்டிருப்பதால், எர்த் இணைப்பு இல்லாத இடத்தில் கேபினட்டின் உலோகம் 230 வோல்ட்டில் ஏறத்தாழப் பாதி அழுத்தத்துக்கு உயர்ந்து நிற்கும்; பாயும் மின்னோட்டம் மிகக் குறைவு என்றாலும், ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்பவர் யு.எஸ்.பி. வாயைத் தொடும்போது சுருக்கென்று உணர்வார். டெல்டாவின் ஈரமண் நல்ல எர்த்துக்கு ஏற்றது. குறை பழைய வீடுகளின் வயரிங்கிலும், மூன்றாவது முள்ளைப் பயனற்றதாக்கும் கன்வர்ட்டர் பிளக்குகளிலும் இருக்கிறது. அது கேபினட்டின் பிழையன்று. எனினும் எஸ்.எம்.பி.எஸ்.-ஐ இறுக்கும் நான்கு திருகுகள் வழியாகவே பெட்டி எர்த்தை அடைவதால், துருவைத் தடுக்கப் பூசிய பவுடர் அந்த நான்கு இடங்களிலும் நீக்கப்பட்டிருக்க வேண்டும். கேபினட்டின் ஒரு திருகுகூட விபத்துக்கு வழிவகுக்கும் என்பதற்கு அண்மைச் சான்று உண்டு: கார்டை வேறு திசையில் பொருத்த உதவும் ரைசர் பலகையின் திருகுகள் குறுக்கிணைப்பை உண்டாக்கித் தீப்பற்ற வாய்ப்பிருந்ததால், என்.இசட்.எக்ஸ்.டி. நிறுவனத்தின் எச்1 கேபினட்டுகள் 2021-இல் அமெரிக்காவில் திரும்பப் பெறப்பட்டன.

பொருத்துபவரின் வசதி பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். மதர்போர்டைத் தகட்டில் படாமல் உயர்த்தி நிறுத்தும் பித்தளைத் தாங்கிகள் எந்த அளவுக்கு எந்தத் துளையில் வர வேண்டும் என்பது தகட்டிலேயே பொறிக்கப்பட வேண்டும். இரு வேறு மரை கொண்ட திருகுகளை ஒரே பையில் கலந்து கொடுக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். பவர், ரீசெட் பொத்தான்களின் கம்பிகளைத் தனித்தனிச் சிறு முனைகளாகத் தராமல், நெடுங்காலமாக வரையறுக்கப்பட்டுவிட்ட ஒன்பது முள் வரிசைக்கு ஏற்ற ஒரே முனையாகத் தருவது தயாரிப்பாளருக்கு எந்தச் சுமையும் அன்று. கிராபிக்ஸ் கார்டின் நீளத்துக்கும் ஹீட்சிங்க்கின் உயரத்துக்கும் உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை அட்டைப்பெட்டியின்மேல் தமிழிலும் அச்சிட்டால், கடையில் நடக்கும் பாதி வாக்குவாதம் குறையும்.

கடினக் கண்ணாடிப் பக்கக் கதவும் வண்ண விளக்கும் இளைஞரைக் கவர்வதில் குற்றமில்லை. ஆனால் அக்கண்ணாடியின் விளிம்பு பீங்கான் டைல் தரையில் இலேசாகத் தட்டினாலும் முழுதும் நொறுங்கிவிடும். பழுதென்றால் கணினியை டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியின் முன்புறம் வைத்துக் கும்பகோணத்துக்கோ மன்னார்குடிக்கோ கொண்டுபோகும் நடைமுறையில், எஃகுக் கதவும் மேற்புறம் ஒரு கைப்பிடியும் அதைவிடப் பயனுள்ளவை. ஏ.சி. இல்லாத அறைக்கு முன்முகம் கண்ணாடியாலான கேபினட்டைப் பரிந்துரைப்பது தவறு என்பதில் ஐயமில்லை.

இத்தகைய பெட்டியை யார் செய்வது என்பது எஞ்சும் கேள்வி. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1997 முதல் இயங்கிவரும் செப்ரானிக்ஸ் கேபினட்டுகளையும் விற்பனை செய்கிறது. இவ்வாறு தமிழகச் சந்தையை நேரடியாக அறிந்த நிறுவனங்கள் மேற்சொன்ன தேவைகளைத் தயாரிப்பாளரிடம் நிபந்தனையாக வைக்க இயலும். அதுவரை, எஃகு பீரோ செய்து பவுடர் கோட்டிங் அடிக்கும் சிறு பட்டறைகள் டெல்டாவின் நகரங்களில் இருக்கின்றன. ஏ.டி.எக்ஸ். அளவுகள் எவரும் பெறக்கூடிய பொது ஆவணம். ஸ்லாட் மூடி, உயரக் கால்சட்டம், வலை பொருத்தும் முன்சட்டம் ஆகியவற்றை அப்பட்டறைகள் செய்து தருவதற்குத் தடையேதுமில்லை. கேபினட்டையே மாற்றும் வசதி இல்லாதவர்கள், உடைந்து கிடக்கும் ஸ்லாட் வாய்களையாவது தகட்டால் மூடி, முன்முகத்துக்கு ஒரு நைலான் வலைச் சட்டம் செய்து மாட்டிக்கொள்ள வேண்டும்; அவ்வேலையைச் சம்பா அறுவடை தொடங்குவதற்கு முன் மார்கழியிலேயே முடித்துக்கொள்வது நல்லது.